கதவுக்கு முன்னால் நிலை

கதவு வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் தாமதமாகத்தான் போகிறார்கள். பூச்சு வேலை முடிந்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்பி மரவாடிக்குப் போகும். ஆல்பத்தைப் புரட்டி அஷ்டலட்சுமியா, யானையும் மயிலுமா, வெறும் கட்டங்களா என்று பிற்பகல் முழுக்கப் பேச்சு நடக்கும். கடைக்காரர் டீ வரவழைப்பார். எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "நிலை வெச்சாச்சுங்களா? உள்ளளவு என்ன?" அதற்குப் பதில் சொன்னவுடன் தெரிந்துவிடும், தேர்ந்தெடுக்க இனி அதிகம் மிச்சமில்லை என்று. கதவின் அகலம், உயரம், தடிமன், கீல் எந்தப் பக்கம், உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா எல்லாமே நிலையை நிறுத்திய அன்றைக்கே முடிவாகிவிட்டவை. மிச்சமிருப்பது கதவின் முகம்.

ஆகவே கதவைப் பற்றிப் பேச நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைவாசல் நிலை வைக்க நாள் பார்க்கிறோம். மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமோ பொன் துண்டோ போட்டு, பால் தெளித்து நிறுத்துகிறோம். அத்தனை உறவுக்காரர்கள் கூடியிருக்கும் அந்த இடத்தில் டேப்பை எடுத்து அளந்து பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை. மற்ற நிலைகளுக்கு அந்த மரியாதையும் கிடையாது. படுக்கையறை நிலையையும் குளியலறை நிலையையும் ஏதோ ஒரு நாள் கொத்தனாரும் சித்தாளும் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து பார்த்து, "பரவாயில்லையே, வேலை வேகமாப் போகுதே" என்பார்.

வரைபடத்தில் குளியலறைக் கதவு 2½ அடி என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் நிலையின் வெளியளவு. 30 அங்குலத்தில் இரு பக்கச் சட்டங்களும் ஆளுக்கு 2½ அங்குலம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25. கதவைத் திறந்து வைத்தால் அதன் தடிமனில் ஒரு பகுதி வழியிலேயே நிற்கும். ஆக, நடப்பதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 24 அங்குலம். ஆரோக்கியமான ஆளுக்கு இது தாராளம்.

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். சாதாரணச் சக்கர நாற்காலியின் மொத்த அகலம் 25, 26 அங்குலம். கூடத்தைக் கடந்தது, படுக்கையறையைக் கடந்தது, குளியலறை வாசலில் இரண்டு பக்கச் சக்கர வளையங்களும் நிலையில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்த மூன்று மாதம் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் என் மனைவியுமாகத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். ஒவ்வொரு முறையும் அம்மா, "உங்களுக்கு எவ்வளவு சிரமம்டா" என்பார். நிலையை அகலப்படுத்தலாம் என்று ஆள் கூட்டி வந்து காட்டினால் சுவரை உடைக்க வேண்டும், டைல்ஸ் போகும், தண்ணீர் கசியாமல் போட்ட பூச்சு போகும் என்றார்கள். அந்த நிலையை நிறுத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு அங்குலம் கூடுதலாக வைக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஆகியிருக்கும் செலவு சில நூறு ரூபாய்.

பொதுக் கட்டடங்களுக்கான அரசின் அணுகல் வழிகாட்டு நெறிகள் 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 3 அடி, தடையில்லாத திறப்பு வேண்டும் என்கின்றன. வீட்டில் எல்லாக் கதவுக்கும் அப்படி வைக்க இடம் இருக்காது. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறைக்கும் அதை ஒட்டிய குளியலறைக்குமாவது 3 அடிக்குக் குறையாமல் நிலை வைத்துவிடுங்கள். மேல்மாடியில் உங்கள் இஷ்டம்.

அடுத்தது, திறக்கும் திசை. தலைவாசல் உள்நோக்கித் திறப்பதற்குக் காரணம் உண்டு. கீலின் முட்டி வீட்டுக்குள் இருக்கும். வெளியே இருந்து ஒருவன் அதன் ஆணியைத் தட்டிக் கழற்ற முடியாது. படுக்கையறைக் கதவு சுவரோடு ஒட்டித் திறக்க வேண்டும், அப்படியானால் கீல் சுவர் மூலையின் பக்கம் வரும். இதை மின்வேலைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சுவிட்ச் பலகை கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி வந்து கதவைத் திறந்து, உள்ளே போய், கதவைப் பாதி மூடி, சுவரைத் தடவி விளக்குப் போடும் வீடுகள் எத்தனையோ.

குளியலறைக் கதவை வழக்கமாக உள்ளேதான் திறக்க வைக்கிறோம், ஈரம் வெளியே சொட்டாது என்பதற்காக. ஆனால் உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. தள்ளினால் அவருக்குத்தான் அடி. வயதானவர்கள் புழங்கும் குளியலறைக்கு வெளியே திறக்கும் கதவோ சுவரோரமாக நகரும் கதவோ வையுங்கள் என்பேன். அதற்கு இடமில்லையென்றால், உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து நாணயத்தை நுழைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டு கடைகளில் கிடைக்கிறது. டவர் போல்ட்டைவிட விலை அதிகம், ஆனால் ஒரு நாள் தேவைப்பட்டால் விலை நினைவுக்கு வராது.

இனி நிலைக்கான மரம். மரவாடியில் மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது, அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 7 அடி உயரம், 3½ அடி அகலம், கீழே படியும் உண்டு என்றால் சுற்றளவு 21 அடி. சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். 5-ஐ 3-ஆல் பெருக்கினால் 15. அதை 144-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் சுமார் 2.2 கன அடி. சேதாரம் தனி. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 5க்கு 3 என்பது அறுத்த அளவா, இழைத்த அளவா? இழைப்புளி ஓடினால் ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் போகும், 5 அங்குலம் 4¾ ஆகும். பல வீடுகளில் ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் மனக்கசப்பு வருவது இந்தக் கால் அங்குலத்தில்தான். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

வேம்பு, வேங்கை, கோங்கு, படாக், மலேசியன் சால் என்று பெயர்கள் காதில் விழும். இவற்றில் சில மரத்தின் பெயர், சில வியாபாரத்தின் பெயர். மலேசியன் சால் என்பது இறக்குமதியாகும் கடின மரங்களுக்குப் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளறை நிலைக்கு இவை தாங்கும். நம் ஊர் வேம்பும் நல்ல மரம்தான், கரையானுக்கு அதன் கசப்பு பிடிக்காது. ஆனால் பச்சையாக அறுத்து அப்படியே நிறுத்தினால் வில்லாக வளைந்துவிடும். அறுத்த சட்டங்களை நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே குச்சி வைத்து, காற்றுப் போக அடுக்கி ஆறப்போட வேண்டும். எத்தனை நாள் ஆறியது என்று கடைக்காரரைக் கேட்டால் அவர் உங்கள் கண்ணைப் பார்த்து ஒரு பதில் சொல்வார். இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்றை மரத்தில் குத்தினால் வேறொரு பதில் வரும். கைக்கு அடக்கமான கருவிதான், பொறியாளர்கள் பலரிடம் இருக்கிறது. 12 சதவீதத்தை ஒட்டி வந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் அந்த மரம் இன்னும் காயவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் நின்றுதான் காயப்போகிறது, சுருங்குவதும் முறுக்குவதும் அங்கேதான் நடக்கும்.

நிலையின் எதிரிகள் இரண்டு, இரண்டுமே கீழிருந்து வருபவை: ஈரம், கரையான். நிலையின் கால்கள் தரைக்குள் புதைகின்றன; சுவரைத் தொடும் முதுகுப்பக்கம் யார் கண்ணிலும் படாமல் சிமெண்டுக்குள் மறைகிறது. கட்டி முடித்த சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் தெளிக்கிறோமே, அதில் ஒரு பங்கை இந்த மரம் குடிக்கிறது. ஆகவே நிறுத்துவதற்கு முன்பே நாலு பக்கமும் பிரைமர் அடித்து, சுவரில் படும் பக்கத்துக்கும் காலின் அடிவெட்டுக்கும் தார் பூசிவிட வேண்டும். அரைநாள் வேலை. முகப்பில் யானை செதுக்குவதற்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

குளியலறைக்கு மர நிலையே வேண்டாம் என்பது என் கருத்து. கருங்கல்லிலோ, மெருகேற்றிய கிரானைட்டிலோ, கான்கிரீட்டிலோ, பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த டபிள்யூ.பி.சி.யிலோ வைக்கலாம். வார்த்த கான்கிரீட் நிலை வாங்கும்போது கீல் வரும் இடத்தில் ஸ்க்ரூ பிடிக்க வழி செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னால் துளையிட்டு, செருகி, அதுவும் ஆடத் தொடங்கும்.

தலைவாசலின் கீழ்ப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. மழைத்தண்ணீரையும் பூரானையும் தடுப்பது அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, மஞ்சள் பூசி, கோலமிட்டுக் குங்குமம் வைக்கிறோம். கண்ணாடி போன்ற பாலிஷ் அடித்த தேக்குப் படி இந்த வாராந்திரக் குளியலில் ஓராண்டில் கறுத்துவிடும். படிக்கு மட்டும் கிரானைட் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மரம்தான் வேண்டும் என்றால் பாலிஷைவிட எண்ணெயும் மஞ்சளும் ஏறிய பழைய பாணிப் படியே அழகு, அதற்கு அது பழகியது. உள்ளறைகளுக்கு இப்போது யாரும் கீழ்ப்படி வைப்பதில்லை. அது நல்லதுதான், கால் தடுக்காது.

தலைவாசல் கதவுக்கு வருவோம். தேக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் மேற்கொண்டு விசாரிப்பதை நிறுத்திவிடுகிறோம். விசாரணையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வைரம் பாய்ந்த கட்டை என்று மனிதர்களைச் சொல்கிறோமே, அந்த வைரம் மரத்தின் நடுப்பகுதி. தேக்கின் பெருமை எல்லாம், கரையான் தொடாமை, எண்ணெய்ப் பசை, அந்தப் பழுப்புப் பொன்னிறம் எல்லாம் வைரத்துக்கு உரியவை. அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. தேக்கின் வெளிறைக் கரையான் மற்ற மரத்தைப் போலவே தின்னும். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து வந்த கட்டைகள் பெரிய மரங்களின் வைரம். நிலம்பூரில் 1840-களில் ஆங்கிலேயர் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியதே கப்பல் கட்ட நல்ல கட்டை கிடைப்பது அருகிக்கொண்டிருந்ததால்தான். இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருவது பெரும்பாலும் தோட்டத் தேக்கு, இளம் மரம், வெளிறு அதிகம். அதுவும் தேக்குதான், பொய்யில்லை. வாங்கும்போது பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: பழுப்புக்குப் பக்கத்தில் வெண்மஞ்சள் பட்டை ஓடினால் அது வெளிறு. சாயம் ஏற்றிய பிறகு தெரியாது, ஆகவே சாயம் ஏற்றும் முன் பாருங்கள்.

சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரியும். மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் காற்றின் ஈரத்தை வாங்கி விடுகிறது. அப்படி வாங்கும்போது நெடுக்கே அநேகமாக மாறாது, குறுக்கே உப்பும். ஒரே அகலப் பலகையில் கதவு செய்தால் ஐப்பசியில் நிலைக்குள் நுழையாது, சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி விடும். இதற்குத் தச்சர்கள் கண்டுபிடித்த வழிதான் சட்டக் கதவு. நான்கு பக்கமும் குறுகிய சட்டங்கள், நடுவே ஒன்றிரண்டு குறுக்குச் சட்டங்கள். சட்டத்தின் உள்விளிம்பில் நீளக் காடி வெட்டி, பலகையை அதில் செருகிவிடுவார்கள். பசை போடமாட்டார்கள், ஆணி அடிக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் பலகை காடிக்குள் உப்பும், வெயிலில் சுருங்கி வெளியே வரும். வெளிச் சட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. கதவு மொத்தமாக மாறுவது இரு பக்கச் சட்டங்களின் அகலம் மாறும் அளவுதான், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்.

அவசரத்தில் செய்யும் கதவில் பலகையையும் பசை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். முதல் கோடையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். வீட்டில் பெரியவர்கள் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வார்கள். சுருங்க இடமில்லாமல் இழுபட்ட பலகை, வேறொன்றுமில்லை. நல்ல கதவிலும் ஒரு சிறு அடையாளம் தெரியும்: சித்திரை வெயிலில் பலகையின் ஓரமாக, சட்டத்தை ஒட்டி, பாலிஷ் படாத மெல்லிய வெளிர்கோடு எட்டிப் பார்க்கும். பலகை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அது கண்ணை உறுத்தும் என்றால், கோக்கும் முன்பே பலகைக்குத் தனியாக ஒரு கை சாயம் ஏற்றச் சொல்லுங்கள்.

நெடுநல்வாடையில் ஓர் அரண்மனை வாயில் வருகிறது. இரும்பால் பிணைத்து அரக்குப் பூசிய இரட்டைக் கதவு, செதுக்கிய குவளை மலரும் பெண் யானையும், கொடியோடு யானை நுழையும் உயரம் என்று நக்கீரர் அடுக்கிக்கொண்டே போவார். அதற்கு நடுவில், கைதேர்ந்த தச்சன் முடுக்கிச் சேர்த்ததால் எங்கும் இடைவெளி இல்லை என்பதையும், நெடுநிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருந்ததையும் சொல்லிவிடுகிறார். சிற்பத்தைப் பார்த்த கண் மூட்டுவாயையும் பார்த்திருக்கிறது. இன்று சி.என்.சி. இயந்திரம் சில மணி நேரத்தில் அஷ்டலட்சுமியைச் செதுக்கித் தந்துவிடும். மூட்டுவாயை இன்னும் ஆசாரியின் கைதான் பார்க்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் நாம் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், குறைவாகச் செதுக்கி மூட்டுவாயை நன்றாகச் செய்த கதவே மேல். தூசி துடைக்கும் கைக்கும் நல்லது.

வெளிக்கதவு இரண்டு தட்பவெப்பத்துக்கு நடுவே நிற்கிறது. வெளிமுகத்தில் மேற்கு வெயில், உள்முகத்தில் ஏ.சி. குளிர். ஒரு முகம் காய்ந்து மறுமுகம் ஈரமாக இருந்தால் பலகை காய்ந்த பக்கமாகக் குழிந்து வளையும். பாலிஷை வெளியே மட்டும் அடித்து உள்ளே விட்டுவிடுவது இதை இன்னும் மோசமாக்கும். இரு முகத்துக்கும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும். உள்ளறை மரச்சாமான்களுக்கு அடிக்கும் மெலமைன் வெயிலுக்கு ஆகாது, வெடித்து உரியும். வெளிப்புறத்துக்கு என்று வரும் பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு தேவை, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்துப் புதுப்பிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். 2 அடி சன்ஷேடு 7 அடிக் கதவின் கீழ்ப்பாதியைக் காப்பாற்றாது. கதவில் கூட்டும் செலவில் ஒரு பங்கை முகப்புக் கூரையில் போட்டால் கதவு நெடுநாள் வரும்.

கனமான கதவு என்று பெருமைப்படுகிறோம். 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை மூன்று அல்லது நான்கு கீல்கள் தாங்குகின்றன. மேல் கீலைக் கதவு நிலையிலிருந்து பிடுங்க இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. ஆகவே பிடுங்கும் இழுவை பெரும்பாலும் மேல் கீலின் ஸ்க்ரூக்களில். மூன்றாவது கீலைச் சரியாக நடுவில் வைப்பதைவிட மேல் கீலுக்குச் சற்றுக் கீழே வைத்தால் அது உதவிக்கு வரும். கீல் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சிறு துளை போட்டு, திருப்புளியால் திருகி இறக்க வேண்டிய ஸ்க்ரூவைப் பலர் ஆணி மாதிரிச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்துவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருகுவார்கள். அடித்து இறக்கிய ஸ்க்ரூ மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. மரை பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்தில் கதவு தொங்கும், தரையில் கால்வட்டமாகக் கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கதவைக் குறை சொல்வோம்.

தலைவாசலுக்கு இரும்புத் தகட்டுக் கதவுகளும் மரச்சாயலோடு வருகின்றன. கரையான் பயமில்லை, வளையாது, ஒரே திருப்பில் பல முனைத் தாழ்கள் விழும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கீழ்விளிம்பு துருப்பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அடிபட்டு நசுங்கினால் நிமிர்த்துவது கடினம். எதுவாக இருந்தாலும் அதற்கு வெளியே ஒரு கிரில் கதவு இருக்கட்டும். தலைவாசலைத் திறந்து வைத்து, கிரிலைப் பூட்டிக்கொண்டு, காற்றையும் வருகிறவர் முகத்தையும் உள்ளே விடும் அந்த ஏற்பாட்டுக்கு இணையாக எந்த டிஜிட்டல் பூட்டும் இல்லை. டிஜிட்டல் பூட்டுத்தான் வேண்டும் என்கிறவர்கள் வாங்குவதற்கு முன் கதவுச் சட்டத்தின் அகலம் அதற்குப் போதுமா என்று அளந்துகொள்ளுங்கள். சாவியாலும் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

உள்ளறைகளுக்கு இப்போது பெரும்பாலும் பிளஷ் டோர். உள்ளே மரத்துண்டுகளை நெருக்கி அடுக்கி, இருபுறமும் பிளைவுட் தாள்கள் ஒட்டி அழுத்திய பலகை. துண்டுகளும் தாள்களும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் உப்பலும் சுருக்கமும் மிகக் குறைவு. கடைப்பேச்சில் 'ஒன் சைடு டீக்', 'போத் சைடு டீக்' என்பார்கள். தேக்குக் கதவு என்று நினைத்துவிட வேண்டாம், ஒரு முகத்திலோ இரு முகத்திலோ தேக்கின் மெல்லிய தாள் ஒட்டியது என்றுதான் பொருள். தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடமா கட்டையா என்று ஓரளவு தெரியும். தூக்கிப் பார்த்தால் நன்றாகவே தெரியும். 3 அடிக்கு 7 அடி, 30 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 35 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். இத்தகைய கதவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2202, அந்த முத்திரை கதவின் மேலேயே இருக்கும். பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இந்த இடத்தில்தான் நிலை மறுபடி வருகிறது. கதவு உட்காரும் பள்ளத்தை ஆசாரி 30 மில்லிமீட்டருக்கு வெட்டியிருக்க, நீங்கள் ஆசைப்பட்டு 35 வாங்கினால் கதவு நிலையை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். மரத்தூள் பலகையில் அச்சழுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அலங்காரக் கதவுகளும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், விலை குறைவு. தண்ணீர் ஒரு முறை உள்ளே போனால் பிஸ்கட் டீயில் ஊறிய கதைதான்.

குளியலறைக் கதவு கெடுவது எப்போதும் கீழிருந்து ஒரு சாண் உயரத்தில். காரணம் வெகு எளிது. பெயின்ட் அடிப்பவர் வரும்போது கதவு மாட்டியாகிவிட்டது. முன்முகம், பின்முகம், இரு பக்க விளிம்பு, நான்கும் பெயின்ட் பெறும். தரையைப் பார்க்கும் அடிவிளிம்பில் தூரிகை நுழையாது. அந்த ஒன்றேகால் அங்குலப் பூச்சில்லாத மரம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, தினமும் தெறிக்கும் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் மேலே ஒட்டிய மைக்காவின் ஓரம் பிரியும், பிறகு தாள்கள் ஏடு ஏடாக விரியும். எவ்வளவு விலையுள்ள 'வாட்டர் ப்ரூஃப்' கதவாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் படுக்கவைத்து அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் இரண்டு கை பூச்சு கொடுத்துவிடுங்கள். மாட்டிப் பார்த்துக் கீழே இழைத்திருந்தால் மறுபடி கழற்றி அடிக்க வேண்டும். ஆசாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டபிள்யூ.பி.சி., எஃப்.ஆர்.பி., பி.வி.சி. இருக்கின்றன. டபிள்யூ.பி.சி. உப்பாது, கரையான் தொடாது, மரம் போலவே அறுக்கலாம். ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் பிடி தளரும். நேர் வெயில் படும் மொட்டைமாடிக் கதவுக்கு வைத்தால் சூட்டில் வளையக்கூடும், குளியலறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடியிழை சேர்ந்த எஃப்.ஆர்.பி. எடை குறைவு, பல வருடம் வரும். வெறும் பி.வி.சி. மலிவு, பார்த்தாலே மலிவு என்று தெரியும், ஆனால் தண்ணீருக்கு அது அஞ்சியதே இல்லை. கொல்லைப்புறக் கழிவறைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மொத்தக் கதவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். அதற்காகத் தேவையில்லாத ஒரு கதவு வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன், தேவையான ஒன்றை விட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். பின்னதில் சமையலறைத் தாளிப்பு நெடி படுக்கையறை வரை வருகிறது.

கடைசியாக, புதுவீட்டுக்காரர்கள் எல்லோரும் எனக்குப் போன் செய்யும் மாதம் ஒன்று உண்டு. கார்த்திகை. "கதவு மூட மாட்டேங்குது, ஆசாரியக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லட்டுமா?" நான் கேட்பது: தரையில் உரசுகிறதா, பக்கத்தில் ஒட்டுகிறதா? தரையில் உரசினால் கீல் தளர்ந்திருக்கிறது. ஸ்க்ரூவைப் பாருங்கள், மரத்தைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஒட்டினால் மழையில் உப்பியிருக்கிறது. இன்று இழைத்தால் நாளை மூடும். பங்குனியில் அதே இடத்தில் வெளிச்சம் தெரியும், பல்லி நுழையும், இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, விளிம்பில் கொஞ்சம் மெழுகு தேய்த்துவிடுங்கள். தை பிறந்து பத்து நாள் கழித்து மூடிப் பாருங்கள். அப்போதும் ஒட்டினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள், அந்தப் பென்சில் கோட்டைக் காட்டுங்கள்.